அழுகைக்குப் பக்கத்து வீடு

தெம்பனிஸில் குடியிருக்கும் தமிழர் ஒருவர் தவறாமல் பார்க்க வேண்டிய அவல நகைச்சுவைப் படம் எது என்று யாராவது கேட்டால், நான் முதலில் சொல்வது எரிக் கூ இயக்கிய '12 ஸ்டோரீஸ்'. 1997இல் வெளிவந்த சிங்கப்பூர்ப் படம். முக்கியமான கதைமாந்தர் எல்லாரும் சீனர்கள். ஆங்கிலம், மாண்டரின், ஹொக்கியன், கேன்டனீஸ் என்று நம் புளோக் மின்தூக்கிக்குள் அன்றாடம் காதில் விழும் மொழிகளில் பேசுகிறார்கள். 'ஆரண்ய காண்டம்', 'சூது கவ்வும்' என்று தமிழிலேயே நல்ல டார்க் காமெடிகள் இருக்கும்போது, அண்டை வீட்டுச் சீனக் குடும்பங்களின் கதையை ஏன் முன்வைக்கிறேன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டுவசதிக் கொள்கை, திரைப்படத் தணிக்கை, தொல்காப்பியம் மூன்றும் அந்தக் காரணத்துக்குள் வருகின்றன.

படம் ஒரு வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குக்குள், ஒரே நாளில் நடக்கிறது. தொடக்கத்திலேயே அங்கு வசித்த இளைஞன் ஒருவன் தன் உயிரை மாய்த்துக்கொள்கிறான். அவன் யார், ஏன் இப்படிச் செய்தான் என்று படம் துருவுவதில்லை. அவனுடைய ஆவி மட்டும் மற்றவர்களின் வீடுகளுக்குள் ஓசையின்றி வந்து உட்கார்ந்து பார்க்கிறது. அது பார்க்கும் வீடுகள் மூன்று. முதல் வீட்டில் சான் சான் என்ற பெண். உடல் பருத்தவள், தனியாக வாழ்கிறாள், பேசுவதே இல்லை. இறந்துபோன அவளுடைய தாய் மட்டும் அறைக்குள் தோன்றி ஓயாமல் ஏசிக்கொண்டிருக்கிறாள். இரண்டாவது வீட்டில் எடுப்புப் பல் உணவுக்கடைக்காரன் ஆ கூ, சீனாவிலிருந்து அவனை மணந்து வந்த லிலி. சிங்கப்பூரில் வசதியான வாழ்வு காத்திருக்கிறது என்று நம்பி வந்தவளுக்கு அவன் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. மூன்றாவது வீட்டில் மெங் என்ற ஆசிரியர். பெற்றோர் வெளியூர் போயிருக்க, தம்பியையும் தங்கையையும் கட்டி மேய்க்கும் பொறுப்பு அவரிடம் வருகிறது. அந்த ஆண்டு கான் திரைப்பட விழாவின் 'அன் செர்டன் ரிகார்ட்' பிரிவில் இது திரையிடப்பட்டது. சிங்கப்பூர்ப் படம் ஒன்று கானுக்குப் போனது அதுவே முதல்முறை.

இப்படிச் சுருக்கிச் சொன்னால் இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள். சில இடங்களில் உரக்கவே சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது, எந்த இடத்தில் தொண்டையில் சிக்குகிறது என்பதுதான் இப்படத்தை ஆராய்வதற்கான வாசல்.

அவல நகைச்சுவையின் வரலாற்றை எழுதுபவர்கள் வழக்கமாக பிரெஞ்சுக் கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோனிடம் போவார்கள். 'கறுப்பு நகைச்சுவை' என்ற பெயரில் அவர் தொகுத்த நூல் 1940இல் அச்சானது. அதில் அவர் தொடக்கப் புள்ளியாக வைத்தது அயர்லாந்தின் ஜோனதன் ஸ்விஃப்டை. வறுமையைத் தீர்க்க ஏழைக் குழந்தைகளைச் செல்வர்களின் உணவு மேசைக்கு விற்கலாம் என்று, நிதானமான பொருளியல் நிபுணரின் குரலில் 1729இல் கட்டுரை எழுதியவர் ஸ்விஃப்ட். சினிமாவில் இந்த மரபின் உச்சமாக, அணுகுண்டுப் போரை நகைச்சுவையாக்கிய ஸ்டான்லி குப்ரிக்கின் 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்' (1964) படத்தைச் சொல்வார்கள்.

எனக்கு இதைவிடத் தெளிவான கருவியாகப் படுவது தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல். எட்டு மெய்ப்பாடுகளை வரிசைப்படுத்தும்போது அது நகையை முதலிலும் அழுகையை அதற்கு அடுத்தும் வைக்கிறது. ஒவ்வொன்றும் பிறப்பதற்கு நான்கு நிலைக்களன்களைத் தருகிறது. பிறரை இகழும் எள்ளலும், அறியாமையைக் குறிக்கும் பேதைமையும் நகைக்கு உரியவை. இழிவுபடுதல், இழத்தல், பழைய நிலை கெடுதல், வறுமை ஆகியவை அழுகைக்கு உரியவை. இந்தப் பகுப்பை வைத்துப் பார்த்தால் அவல நகைச்சுவையின் இயக்கம் துலக்கமாகிறது: அழுகைக்குரிய காரணத்தை முன்னே வைத்து நகையைப் பிறப்பிப்பது. இழவு வீட்டில் நின்றுகொண்டு சிரிக்க வைப்பது. உரைகாரர் பேராசிரியர் எள்ளலை இரண்டாகப் பிரிக்கிறார். தான் பிறரை எள்ளிச் சிரிப்பது ஒன்று. பிறர் தன்னை எள்ளும்போது தானே சிரிப்பது மற்றொன்று. அவல நகைச்சுவைப் படம் நல்லதா, கொடியதா என்று தீர்மானிக்க இந்தப் பிரிவு போதும் என்பேன். திரையில் இருப்பவனை நாம் எள்ளத் தொடங்கி, படம் முடிவதற்குள் எள்ளப்பட்டவர்கள் நாம்தான் என்று உணர வைத்தால் அது பெரிய படம்.

ஆ கூவின் வீட்டை எடுத்துக்கொள்வோம். அந்த வேடத்தில் நடித்தவர் ஜாக் நியோ. அப்போது சிங்கப்பூர்த் தொலைக்காட்சியின் சீன நகைச்சுவை நிகழ்ச்சியில் பெண் வேடமிட்டு நாட்டையே சிரிக்க வைத்துக்கொண்டிருந்தவர். அவருடைய முகத்தைப் பார்த்தாலே சிரிக்கப் பழகியிருந்தவர்களுக்கு எரிக் கூ அதே முகத்தை, எடுப்புப் பல்லோடு, தாம்பத்தியத்தில் தோற்ற ஒருவனுக்குக் கொடுத்தார். பல்லைக் கண்டதும் சிரிப்பு வருகிறது. அவன் மனைவியிடம் கெஞ்சும்போதும் பழக்கதோஷத்தில் சிரிப்பு வருகிறது. பிறகு லிலி அவனை ஏசும் சொற்களும் நம் சிரிப்பும் ஒரே பக்கத்தில் நிற்பது உறைக்கிறது. அவனுடைய பல்லைப் பார்த்துச் சிரித்த நமக்கும், அந்தப் பல்லுக்காக அவனை வெறுக்கும் அவளுக்கும் என்ன வேறுபாடு? அதே சமயம் லிலியைக் கொடுமைக்காரி என்று ஒதுக்கவும் முடியவில்லை. அவளிடம் சொல்லப்பட்ட வசதி பொய், ஏமாற்றப்பட்டவள் அவள். இருவரும் இழிவுபட்டவர்கள், இருவருமே மற்றவரை இழிவுபடுத்துகிறார்கள். தொல்காப்பியக் கணக்குப்படி இது முழுக்க அழுகையின் நிலம். எரிக் கூ அதில் நகையை விதைக்கிறார்.

மறு ஆண்டே, 1998இல், ஜாக் நியோ எழுதி நடித்த 'மனி நோ இனஃப்' வெளிவந்து வசூலை அள்ளியது. அதுவும் வீவக மக்களின் பணக்கஷ்டத்தைப் பற்றிய நகைச்சுவைதான். ஆனால் அது பார்வையாளரை அணைத்துக்கொள்ளும் படம். எல்லாருக்கும் இதே பாடுதான் என்று ஆறுதல் சொல்லி வீட்டுக்கு அனுப்பும். '12 ஸ்டோரீஸ்' அந்த ஆறுதலைத் தருவதில்லை. பெருங்கூட்டம் எந்தப் படத்துக்குப் போனது என்பதில் வியக்க ஒன்றுமில்லை. வேலை முடிந்து வருபவர் ஆறுதலைத் தேடுவது இயல்பு. ஆயினும் கால் நூற்றாண்டு கழித்தும் என்னை உறங்கவிடாமல் செய்வது '12 ஸ்டோரீஸ்'தான்.

மெங் என்ற ஆசிரியர் வரும் பகுதி படத்தின் கூர்மையான பகுதி. கோ பூன் பின் நடித்தது. மெங் பேசுவதைக் கேட்டால் சுவரொட்டி பேசுவதைப் போல இருக்கும். நேரத்தை வீணாக்காதே, உடலைப் பேணு, நல்ல குடிமகனாக இரு. தம்பி தங்கையிடம் அவர் சொல்லும் எதுவும் தவறில்லை. அதில்தான் நகை பிறக்கிறது. சிங்கப்பூரர்களுக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும். இரண்டு பிள்ளைகளோடு நிறுத்திக்கொள்ளச் சொன்ன 1970களின் குடும்பக் கட்டுப்பாட்டு இயக்கம், மாண்டரின் பேசச் சொன்ன 1979ஆம் ஆண்டின் இயக்கம், அதே ஆண்டு தொடங்கிய பண்பு இயக்கம், வசதியிருந்தால் மூன்றோ அதற்கு மேலோ பெற்றுக்கொள்ளச் சொன்ன 1987ஆம் ஆண்டின் கொள்கை என்று இயக்கங்களின் மொழியிலேயே வளர்ந்த தலைமுறை அது. அந்த இயக்கங்கள் பல நன்மைகளைச் செய்தன என்பதை மறுப்பவன் இல்லை நான். நகரம் தூய்மையானது, மக்கள் ஒருவரோடொருவர் பழகும் முறை மேம்பட்டது. மெங்கின் துயரம் வேறு. அவருக்குப் பொதுமொழி மட்டுமே தெரியும். வீட்டுக்குள் பேசுவதற்கென்று சொந்தமாக ஒரு சொல்லும் அவரிடம் இல்லை. தங்கை டிரிக்ஸி வளர்ந்து பெண்ணாகி, தன் விருப்பப்படி ஒரு வாழ்க்கை வைத்திருக்கிறாள் என்று தெரிந்ததும், அவளிடம் எப்படிப் பேசுவதென்று அறியாமல் அவர் நொறுங்குகிறார். அவர் அவள்மீது வைத்திருக்கும் அக்கறைக்கு அடியில் வேறொன்று கிடப்பதும் அப்போது வெளியே வருகிறது. அவருடைய பேதைமையைக் கண்டு முக்கால் மணி நேரமாகச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அந்த இடத்தில் அடங்கிப்போகிறார்கள்.

அரசியல் அறிஞர் கென்னத் பால் டான், சிங்கப்பூரின் திரைப்படத்தையும் தொலைக்காட்சியையும் பற்றி 2008இல் வெளியிட்ட ஆங்கில நூலில், தத்துவ அறிஞர் மார்க்யூசாவின் 'ஒற்றைப் பரிமாண' சமூகம் என்ற கருத்தை எடுத்துக்கொண்டு எரிக் கூவின் படங்களை வாசிக்கிறார். செழிப்பும் நிர்வாகமும் சேர்ந்து மாற்றுச் சிந்தனையின் பரிமாணத்தை அழித்துவிடும் என்பது மார்க்யூசாவின் கவலை. பயனுள்ள வாசிப்புதான். ஆனால் அந்தக் கண்ணாடி வழியே மட்டும் பார்த்தால் மெங் ஒரு கோட்பாட்டுக்கு எடுத்துக்காட்டாகிவிடுவார். எனக்கு அவர் எதிர்வீட்டு ஆசிரியர். வீட்டுப்பாடம், ஒழுங்கு, தேர்வு மதிப்பெண் என்ற மூன்றைத் தாண்டிப் பிள்ளைகளிடம் பேசத் தெரியாத தந்தையரும் அண்ணன்மாரும் தமிழ்க் குடும்பங்களிலும் ஏராளம். அவர்களைத் திரையில் இவ்வளவு நெருக்கத்தில் நான் வேறெங்கும் கண்டதில்லை.

சான் சானின் வீட்டைப் பற்றி எழுதுவது கடினம். லூசில்லா தியோவின் நடிப்பு கிட்டத்தட்ட முழுக்க மௌனம். தாய் மட்டுமே பேசுகிறாள், கேன்டனீஸில், மூச்சுவிடாமல். தொடக்கத்தில் அந்த வசவின் சரளத்துக்குச் சிரிக்கிறோம். வசைமொழிக்கென்று ஓர் அழகு உண்டு. நம் கிராமத்துக் கிழவிகளின் ஏச்சைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது தெரியும். ஆனால் வசவு நிற்பதில்லை. தாய் செத்துவிட்டாள், ஏசுவது நிற்கவில்லை. மகளின் தலைக்குள் குடியேறிவிட்டது. இழவும் இளிவும் ஒரே அறையில் கிடக்க, மேலே சிரிப்பு ஒரு மெல்லிய படலமாக மிதக்கிறது. இந்தப் பகுதியைத் தனியாக இருக்கும்போது பார்க்க வேண்டாம், யாருடனாவது சேர்ந்து பாருங்கள் என்பது என் வேண்டுகோள். படம் தற்கொலை எண்ணத்தின் விளிம்பில் நடக்கிறது. மனம் சோர்ந்திருக்கும் காலத்தில் அதைத் தள்ளிப்போடுவதே நல்லது.

இறந்தவர்கள் நடமாடும் இந்த உத்தியைத் தமிழ் ரசிகர்கள் இன்னொரு படத்தில் பார்த்திருக்கிறார்கள். நலன் குமரசாமியின் 'சூது கவ்வும்' 2013 மே மாதம் வெளிவந்தது. விஜய் சேதுபதி நடித்த தாஸ், ஆட்கடத்தலை ஐந்து விதிகளோடு நடத்துபவர். அவருடன் ஷாலு என்ற பெண் எப்போதும் இருப்பாள். அவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவாள். மற்றவர்கள் அந்த வெற்றிடத்துக்கும் இடம்விட்டு நகர்ந்து உட்காருவதில் திரையரங்கமே அதிர்ந்தது. ஷாலு, தனிமையில் இருப்பவனுக்குத் துணையாகக் கற்பனை தந்த பரிசு. சான் சானின் தாய் தண்டனை. ஒரே உத்தி ஒரு படத்தில் ஆளைத் தாங்குகிறது, மற்றொன்றில் ஆளை அமுக்குகிறது. நலன் நேர்மையான அமைச்சரை வீழ்த்தி, அவருடைய சூதுவாது நிறைந்த மகனை அரசியலில் ஏற்றி வைத்து முடிக்கும்போது, நகை முழுக்க எள்ளலாக நின்றுவிடுகிறது. அங்கே எள்ளப்படுவது ஊரின் ஒழுங்கு. அந்தப் படத்தை நான் மிகவும் விரும்புகிறேன். ஆனால் அது என்னை வெளியே நின்று சிரிக்க அனுமதிக்கிறது. '12 ஸ்டோரீஸ்' அனுமதிப்பதில்லை.

இனி தெம்பனிஸுக்கு வருகிறேன். ஒரு காலத்தில் மணல் குவாரிகளும் கம்பங்களுமாக இருந்த நிலம். 1980களில் புதுநகராக எழுந்தது. 1989 இறுதியில் எம்ஆர்டி நிலையம் வந்தது. 1992இல் உலகக் குடியிருப்பு விருதைப் பெற்றது. இன்று கால் மில்லியனுக்கும் மேற்பட்டோர் வசிக்கும் நகரம். 1989 மார்ச்சில் இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடப்புக்கு வந்தபோது, எந்த வீவக புளோக்கிலும் இந்தியரும் பிறரும் 13 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக்கூடாது, அக்கம்பக்க வட்டாரத்தில் 10 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்று வரம்பு வைக்கப்பட்டது. 2010இல் அவை முறையே 15, 12 என்று உயர்ந்தன. ஒரே இனத்தவர் ஓரிடத்தில் திரண்டு தனித்துவிடக்கூடாது என்பது நோக்கம். வீட்டை விற்கும் நேரத்தில் சிறுபான்மையினருக்கு அது சிரமம் தந்ததும் உண்டு. அதைப் பற்றி நாடாளுமன்றத்திலும் பேசியிருக்கிறார்கள்.

இந்த ஏற்பாட்டின் ஒரு விளைவு: தெம்பனிஸ் தமிழருக்கு இடப்பக்கம், வலப்பக்கம், மேல்மாடி, கீழ்மாடி என்று சுற்றிலும் இருப்பவர்கள் பெரும்பாலும் சீனர்கள், அடுத்து மலாய்க்காரர்கள். தீபாவளிக்கு முறுக்கும் சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சும் கை மாறுகின்றன. வாசல் கம்பிக்கதவு வரை நட்பு நன்றாகவே இருக்கிறது. கம்பிக்கதவுக்கு உள்ளே நடப்பது தெரிவதில்லை. கீழ்த்தளத்தில் நீலமும் வெள்ளையுமாகக் கூடாரம் போட்டு மூன்று நாளோ ஐந்து நாளோ துக்கம் நடக்கும்போது ஏதோ ஒரு வீட்டில் இழவு என்று தெரியும். யார், எப்படி வாழ்ந்தார் என்பது தெரியாது. இருபது ஆண்டு ஒரே மின்தூக்கியில் போய்வந்தவராக இருப்பார். இந்த இடைவெளிக்குள் ஒரு கலைஞன் நுழையலாம். சட்டமோ கொள்கையோ நுழைய முடியாது. '12 ஸ்டோரீஸ்' அந்த ஆவி இளைஞனின் கண்ணைக் கடன் வாங்கிக் கம்பிக்கதவுக்கு உள்ளே நம்மை அழைத்துப்போகிறது. அதனால்தான் இது தமிழருக்கான பரிந்துரை. சீனர் ஒருவருக்கு இது தன் வீட்டுக் கதை. நமக்கு, கூடவே வாழ்ந்தும் காணாத வீடு. போனபின் அந்த வீடு நம்முடையதைப் போலவே இருப்பது தெரிகிறது.

நகைச்சுவையில் இனம் நுழையும்போது என்ன ஆகிறது என்பதற்கு இதே நகரத்தில் ஒரு கடினமான எடுத்துக்காட்டு உண்டு. கென் குவெக் இயக்கிய 'செக்ஸ்.வயலன்ஸ்.ஃபேமிலி வேல்யூஸ்' மூன்று குறும்படங்களின் தொகுப்பு. 'போர்ன் மசாலா' என்ற பகுதியில் ஏட்ரியன் பாங் நடித்த ஆபாசப் பட இயக்குநர், தமிழ் நடிகர் வடிவழகன் நடித்த பாத்திரத்தைப் பார்த்து இந்தியரை இழிக்கும் சொற்களைப் பேசுகிறான். 2012 செப்டம்பரில் தணிக்கைக் குழு 18 வயதுக்கு மேற்பட்டோர் பார்க்கலாம் என்று சான்று தந்திருந்தது. முன்னோட்டத்தைப் பார்த்தவர்களிடமிருந்து புகார்கள் வந்தன. அக்டோபரில், திரைக்கு வரச் சில நாள் இருக்கும்போது, ஊடக மேம்பாட்டு ஆணையம் அந்தச் சான்றைத் திரும்பப் பெற்றது. இந்தியச் சமூகத்தைப் புண்படுத்துகிறது என்ற காரணத்தோடு படம் தடைசெய்யப்பட்டது. இனவெறியனைக் கேலி செய்வதே படத்தின் நோக்கம் என்று இயக்குநர் வாதிட்டார். 2013 தொடக்கத்தில் மேல்முறையீட்டுக் குழு, சில வெட்டுகளுடன் 21 வயதுக்கு மேற்பட்டோருக்கான சான்றை அளித்தது. ஓர் அரையாண்டுக்குள் ஒரே படத்துக்கு மூன்று தீர்ப்புகள்.

மூன்றாவது தீர்ப்பில் தெம்பனிஸுக்கு ஒரு தனிச்செய்தி இருந்தது. பெரியவர்களுக்கு மட்டுமான பிரிவு சிங்கப்பூரில் 1991இல் அறிமுகமானபோது முதலில் 18 வயது என்று வைத்தார்கள். மக்களின் எதிர்ப்பு எழுந்ததும் சில மாதங்களிலேயே அதை 21 ஆக்கினார்கள். அத்தகைய படங்களைக் குடியிருப்புப் பேட்டைத் திரையரங்குகளில் காட்டக்கூடாது, நகர மையத்தில்தான் காட்டலாம் என்ற விதியும் கூடவே வந்தது. 2004இல் அந்தப் பிரிவு ஆர்21 என்று பெயர் மாறியபோதும் அந்த எல்லை நீடித்தது. ஆகவே 2013இல் கென் குவெக்கின் படம் தெம்பனிஸ் கடைத்தொகுதித் திரையரங்குக்கு வர வழியில்லை. குடியிருப்போரில் ஐந்தில் நால்வர் வீவக வீடுகளில் வசிக்கும் நாட்டில், அவர்களுடைய வீட்டுக்கு அருகே காட்டக்கூடாதது என்று ஒரு வகைப் படத்தை வரையறுத்தார்கள். பிள்ளைகள் நடமாடும் இடம் என்ற கவலையில் நியாயம் இருந்தது. ஆனால் அதன் விலை, சிங்கப்பூரின் கூர்மையான படங்கள் எவரைப் பற்றி எடுக்கப்பட்டனவோ அவர்களுடைய பேட்டைக்கு வெளியே போய் நின்றன என்பது.

'போர்ன் மசாலா' பற்றி என் தீர்ப்பு இரண்டு பக்கமும் முழுதாகச் சாய்வதில்லை. தடை தவறு என்பதில் எனக்கு ஐயமில்லை. நம்மைப் பற்றிய வசவு நம்மைப் புண்படுத்துகிறதா என்று நாமே பார்த்து முடிவுசெய்யும் வாய்ப்பு நமக்கு மறுக்கப்பட்டது. அதேவேளை, புகார் செய்தவர்களைச் சுரணை மிகுந்தவர்கள் என்று ஒதுக்குவதும் அநியாயம். பள்ளியிலும் பணியிடத்திலும் அந்தச் சொற்களை நிஜமாகவே வாங்கியவர்களுக்கு, அவை திரையில் கேலியின் பெயரால் திரும்ப வரும்போது எரியத்தான் செய்யும். வசைபாடும் இயக்குநன் அந்தப் படத்தின் நடுவில் இருக்கிறான். வசை வாங்கும் இந்தியனின் வீடு எங்கே, அவன் யாருக்கு மகன், வேலை முடிந்து எங்கே போகிறான் என்பதற்குக் குறும்படத்தின் நீளம் இடம் தருவதில்லை. ஆ கூவை எள்ளும் படத்தில் ஆ கூவுக்குக் கட்டில், சமையலறை, தூக்கம் வராத இரவு எல்லாம் இருக்கின்றன. எள்ளப்படுபவனுக்குப் படத்துக்குள் ஒரு வீடு இருந்தால் எள்ளல் நம்மிடமே திரும்பிவிடும்; இல்லையென்றால் அது அவன் மேலேயே ஒட்டிக்கொள்ளும். இதை இயக்குநரின் நோக்கத்தைக் கொண்டு அளக்க முடியாது என்று நினைக்கிறேன்.

இந்த முட்டுக்கட்டை சிங்கப்பூருக்கு மட்டும் உரியதும் இல்லை. தியாகராஜன் குமாரராஜாவின் 'ஆரண்ய காண்டம்' தமிழில் இவ்வகையின் பெரும் சாதனை. வன்முறையையும் கொச்சை மொழியையும் காரணம் காட்டி அதற்குச் சென்னைத் தணிக்கையில் 52 வெட்டுகள் கேட்டார்கள். தயாரிப்பாளர் எஸ்.பி.பி. சரண் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போய்ப் படத்தை மீட்டு, 2011 ஜூனில் வெளியிட்டார். நியூயார்க்கின் தெற்காசியத் திரைப்பட விழாவில் விருது பெற்ற பிறகும் உள்ளூரில் கூட்டம் சேரவில்லை. அது பின்னாளில் சேர்த்துக்கொண்ட மரியாதை வேறு கதை. அவர் முறையிட்ட அந்தத் தீர்ப்பாயத்தை இந்திய அரசு 2021இல் கலைத்துவிட்டது; இனி அத்தகைய படங்கள் உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். செலவும் காலமும் தாங்கும் தயாரிப்பாளருக்கு மட்டுமே அது கைகூடும்.

எரிக் கூ '12 ஸ்டோரீஸ்' படத்தோடு நிற்கவில்லை, தமிழுக்கும் வந்தார். பதினோரு ஆண்டுகள் கழித்து, 2008இல், அவர் 'மை மேஜிக்' எடுத்தார். பெரும்பகுதி தமிழில் பேசும் படம். மந்திரவித்தைக்காரர் பிரான்சிஸ் போஸ்கோவே நாயகன். குடியில் மூழ்கிய மந்திரவித்தைக்காரத் தந்தை ஒருவர், தனியாக வளர்க்கும் மகனுக்காகத் தன் உடலையே காட்சிப்பொருளாக்குவதுதான் கதை. சிங்கப்பூர்ப் படங்களில் கானின் முதன்மைப் போட்டிப் பிரிவுக்குள் முதலில் நுழைந்தது அது. ஆக, தங்கப் பனை விருதுக்குப் போட்டியிட்ட முதல் சிங்கப்பூர்ப் படம் பேசிய மொழி தமிழ். நம் சமூகக் கூட்டங்களில் இதை யாரும் பெருமையோடு சொல்லி நான் கேட்டதில்லை. குடிகாரத் தமிழர் ஒருவரைக் காட்டிய படம் என்ற கூச்சம் காரணமாக இருக்கலாம். அந்தக் கூச்சத்தை விட்டுவிட்டுப் பாருங்கள். கண்ணாடியைத் தின்று காட்டும் மனிதரைப் பார்த்துத் திரைக்குள் இருக்கும் கூட்டம் கைதட்டும்போது, மெய்ப்பாட்டியலின் முதல் இரண்டு அறைகளுக்கு நடுவில் சுவரே இல்லாமல் போய்விடுகிறது. பிறகு கே. ராஜகோபாலின் 'எ யெல்லோ பேர்ட்' (2016). சிறையிலிருந்து வெளியே வந்த தமிழர் ஒருவர் தன் குடும்பத்தைத் தேடும் கதை. சிவகுமார் பாலகிருஷ்ணனின் நடிப்புக்காகவே பார்க்கலாம். ஆனால் அதில் நகைக்கு இடமில்லை. முழுக்க அழுகையின் பக்கம்.

எனவே என் பரிந்துரையில் ஒரு வரிசை உண்டு. முதலில் '12 ஸ்டோரீஸ்', அடுத்து 'சூது கவ்வும்', பிறகு 'மை மேஜிக்'. முதல் படத்தைப் பார்க்கும்போது சான் சானின் தாய் பேசும் இடங்களில் துணைவரிகளை விட்டுவிட்டு ஒருமுறை குரலை மட்டும் கேளுங்கள். வசவுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்காது. மெங் வரும் பகுதிகளை வளர்ந்த பிள்ளைகளோடு சேர்ந்து பாருங்கள், முடிந்ததும் அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள். இந்த நகரின் பழைய படங்களைப் பேணும் பணியை 2005 முதல் ஆசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் செய்துவருகிறது. கேனிங் ரைஸில் தேசிய ஆவணக் காப்பகக் கட்டடத்திலுள்ள ஓல்டம் அரங்கில் அவர்கள் திரையிடும் படங்களின் பட்டியலைக் கவனித்துவந்தால், பெரிய திரையில் சிங்கப்பூர்ப் பழம் படங்களைப் பார்க்கும் வாய்ப்பு அமையும்.

நம் இளம் இயக்குநர்களிடம் ஒரு கோரிக்கையும் இருக்கிறது. வீவக புளோக்கில் ஒரு தமிழ் வீட்டை நடுவில் வைத்து, இந்த அளவுக்குத் துணிந்து சிரிக்கவும் கலங்கவும் வைக்கும் முழுநீளப் படத்தை நான் இதுவரை பார்க்கவில்லை. பொருள் நிறையக் கிடக்கிறது. விழுக்காட்டு வரம்பால் தன் வீட்டை வாங்க ஆள் கிடைக்காமல் மாதக்கணக்கில் காத்திருக்கும் குடும்பம். தமிழகத்திலிருந்து மணந்து வந்து, கணவன் சொன்ன வசதி எங்கே என்று தேடும் பெண். வீட்டில் ஆங்கிலம், மேடையில் செந்தமிழ் என்று இரண்டுக்கும் நடுவில் மகளோடு பேசச் சொல்லில்லாத தமிழாசிரியர். இறந்த பிறகும் மருமகளின் சமையலைக் குறைசொல்லும் மாமியார். எடுப்பவர் அந்த மாமியாருக்கும் ஓர் அறை ஒதுக்க வேண்டும். அவளும் ஒரு காலத்தில் தெரியாத ஊருக்கு மணந்து வந்தவள்தான். திரையரங்குக்கு வரும்போது அது எந்தச் சான்று பெற்றாலும், தெம்பனிஸிலேயே காட்டும்படி கேட்டு வாங்க வேண்டியது நம் வேலை.